ஏ. எஸ். ஹார்ன்பி

ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி (ஆகஸ்ட் 10, 1898 - செப்டம்பர் 13, 1978) இங்கிலாந்தைச் சேர்ந்த மொழி ஆசிரியரும் அகராதியியலாளரும் ஆவார். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கான ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்சனரி என்னும் அகராதியை உருவாக்கியவர் இவரே. ஆங்கில வினைச்சொற்களும் பெயர்ச்சொற்களும் அன்றாட வழக்கில் எவ்வெவ் வடிவங்களோடு சேர்ந்து வருகின்றன என்பதை வகைப்படுத்தி 1954இல் இவர் வெளியிட்ட நூல், ஆங்கிலம் கற்பிக்கும் துறையில் ஓர் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.

ஒரு சொல்லின் பொருளை அறிந்தவர் அச்சொல்லைக் கொண்டு சரியான வாக்கியம் அமைப்பார் என்று கூற இயலாது என்பதே ஹார்ன்பியின் பணிக்கு அடிப்படையான கருத்தாகும். அவருக்கு முன்பிருந்த அகராதிகள் பெரும்பாலும் படிப்பவருக்கு உதவின. எழுதுபவருக்கும் பேசுபவருக்கும் உதவும் அகராதி ஒன்றை அமைப்பதில் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

இளமையும் கல்வியும்

ஹார்ன்பி வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள செஸ்டர் நகரில் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றார். பட்டம் பெற்ற பின்னர் 1924இல் ஆசிரியப் பணி ஏற்று ஜப்பானுக்குச் சென்றார். அந்நாட்டில் அவர் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய ஆய்வுகள் அனைத்திற்கும் அங்குதான் அடித்தளம் அமைந்தது.

ஜப்பானில் ஆசிரியப் பணி

கியூஷு தீவில் உள்ள ஒயிட்டா நகரின் உயர் வணிகப் பள்ளியில் ஹார்ன்பி ஆங்கிலம் கற்பித்தார். அக்காலத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கில நூல்களைச் சொல்லுக்குச் சொல் ஜப்பானிய மொழியில் பெயர்த்துப் படிக்கும் முறையே பெரும்பாலும் வழக்கில் இருந்தது. இம்முறையில் பயின்ற மாணவர்கள் கடினமான பத்திகளையும் படித்துப் பொருள் கூற வல்லவர்களாயினர். ஆனால் சொந்தமாக ஓர் எளிய கடிதம் எழுதுவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. இந்த இடைவெளியே ஹார்ன்பியின் கவனத்தை இலக்கியத்திலிருந்து மொழியமைப்பின் பக்கம் திருப்பியது.

இதே காலத்தில் ஹரால்டு பால்மர் (1877 - 1949) என்னும் ஆங்கிலேய மொழியறிஞர் டோக்கியோவில் பணியாற்றி வந்தார். 1922இல் ஜப்பானுக்கு வந்த பால்மர், அடுத்த ஆண்டில் தொடங்கப்பட்ட ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்தார். கற்போர் முதலில் அறிய வேண்டிய சொற்கள் எவை, அச்சொற்கள் எவ்வெவற்றோடு சேர்ந்து வருகின்றன என்பவற்றை இந்நிறுவனம் ஆராய்ந்தது. ஹார்ன்பி இந்நிறுவனத்துடன் தொடர்பு கொண்டு, 1930களின் தொடக்கத்தில் பால்மரின் சொல்லாய்வுப் பணிகளில் பங்கேற்றார். பின்னர் டோக்கியோவிலேயே குடியேறி, அந்நகரின் கல்வி நிறுவனங்களில் கற்பித்துக்கொண்டே ஆய்விலும் ஈடுபட்டார்.

நிறுவனம் 1933இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு சொல் தனித்து நிற்பதில்லை, தனக்குரிய துணைச் சொற்களோடு சேர்ந்தே வழங்குகிறது என்னும் உண்மையை அவ்வறிக்கை பெரும் எண்ணிக்கையிலான எடுத்துக்காட்டுகளோடு காட்டியது. இதனை உருவாக்கியதில் ஹார்ன்பிக்கும் பங்குண்டு. 1936இல் பால்மர் இங்கிலாந்துக்குத் திரும்பியதும், நிறுவனத்தின் ஆய்வுப் பொறுப்பும் அதன் செய்தியிதழை நடத்தும் பொறுப்பும் ஹார்ன்பியிடம் வந்தன.

முதல் அகராதி

அக்காலத்தில் கற்போருக்கான ஒருமொழி அகராதிகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றுள் முதலாவதாகக் கருதப்படுவது மைக்கேல் வெஸ்ட் என்பவர் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் இணைந்து 1935இல் வெளியிட்ட அகராதியாகும். வங்காளத்தின் டாக்கா நகரில் பணியாற்றியவரான வெஸ்ட், ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கினார். ஆங்கில நூல்களைப் படித்துப் புரிந்துகொள்ள அவ்வகராதி பெரிதும் உதவியது. ஒரு சொல்லை எவ்வாறு பயன்படுத்துவது என்பது அதன் நோக்கத்திற்கு அப்பாற்பட்டதாக இருந்தது.

பால்மர் 1938இல் வெளியிட்ட ஆங்கிலச் சொற்களின் இலக்கணம் என்னும் நூல் இதற்கு நேர்மாறானது. சுமார் ஆயிரம் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வடிவங்களையும் சேர்க்கைகளையும் வாக்கியத்தில் அது பொருந்தும் விதத்தையும் விரிவாகக் கூறியது. வினைச்சொற்கள் ஏற்கும் அமைப்புகளை 27 வகைகளாகப் பிரித்து அவற்றுக்கு எண்கள் இட்டிருந்தார் பால்மர்.

வெஸ்டின் அகராதியில் விரிவு இருந்தது, பால்மரின் நூலில் ஆழம் இருந்தது. இரண்டையும் ஒரே நூலில் கொணர்வதே ஹார்ன்பியின் திட்டம். 1937இல் பணி தொடங்கியது. ஜப்பானில் ஆங்கில ஆசிரியர்களாக இருந்த இ. வி. கேட்டன்பி, எச். வேக்ஃபீல்டு ஆகிய இருவரும் உடன் பணியாற்றினர். 1940இல் தொகுப்பு நிறைவடைந்தது.

1941 டிசம்பரில் ஜப்பானுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே போர் மூண்டது. எதிரி நாட்டவர் என்ற முறையில் ஹார்ன்பி தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். 1942இல் அவர் நாடு திரும்ப அனுமதிக்கப்பட்டார். அதே ஆண்டில் இடியோமாடிக் அண்டு சின்டாக்டிக் இங்கிலீஷ் டிக்சனரி என்ற தலைப்பில் அவருடைய அகராதியை டோக்கியோவின் கைத்தாகுஷா பதிப்பகம் வெளியிட்டது. எதிரி நாட்டின் மொழியை அந்நாட்டவர் ஒருவரே விளக்கும் நூல் போர்க்காலத்தில் ஜப்பானிய அச்சகத்திலிருந்து வெளிவந்தது குறிப்பிடத்தக்கது.

தலைப்பில் உள்ள இரு சொற்களும் அகராதியின் நோக்கத்தைக் குறிப்பன. முதற்சொல் வழக்குத் தொடர்களையும் இரண்டாவது வாக்கிய அமைப்பையும் சுட்டும். சொற்பிறப்பு வரலாறும் வழக்கொழிந்த சொற்களும் இதில் விலக்கப்பட்டன. அவ்விடத்தை எடுத்துக்காட்டுத் தொடர்களும் இலக்கணக் குறிப்புகளும் நிரப்பின.

வினை அமைப்புகள்

ஹார்ன்பி தம் முதல் அகராதியில் ஆங்கில வினைச்சொற்கள் வரும் அமைப்புகளை 25 வகைகளாகத் தொகுத்தார். அகராதியின் முன்பகுதியில் ஒவ்வோர் அமைப்பும் எண்ணிடப்பட்டு விளக்கப்பட்டது. உள்ளே ஒவ்வொரு வினைச்சொல்லின் அருகிலும் அது ஏற்கும் அமைப்புகளின் எண்கள் தரப்பட்டன. எண்ணைக் கண்ட மாணவர் முன்பகுதிக்குச் சென்று, அவ்வமைப்பில் வாக்கியம் எவ்வாறு அமையும் என்று அறியலாம்.

இவ்வகைப்பாட்டின் தேவையைச் சில எடுத்துக்காட்டுகளால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவரை வற்புறுத்திக் கையெழுத்திட வைத்ததாகக் கூற 'ஃபோர்ஸ்' என்ற வினையையும் பயன்படுத்தலாம், 'மேக்' என்ற வினையையும் பயன்படுத்தலாம். இங்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருவன. ஆனால் முதலாவது 'தே ஃபோர்ஸ்டு ஹிம் டு சைன்' என்று 'டு' சேர்த்து வரும். இரண்டாவது 'தே மேட் ஹிம் சைன்' என்று 'டு' இன்றி வரும். இதே 'மேக்' செயப்பாட்டு வினையாகும்போது 'ஹி வாஸ் மேட் டு சைன்' என 'டு' மீண்டும் தோன்றுகிறது. இவற்றை எந்தப் பொருள் விளக்கத்திலிருந்தும் ஊகித்துவிட முடியாது. அனுமதித்தலைக் குறிக்கும் 'அலவ்', 'லெட்' ஆகிய வினைகளுக்கு இடையிலும் இதே வேறுபாடு உண்டு.

'டெல்', 'எக்ஸ்ப்ளெயின்' ஆகிய வினைகளை அடுத்த எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தமிழில் எனக்குச் சொல், எனக்கு விளக்கு ஆகிய இரண்டுமே நான்காம் வேற்றுமை உருபை ஏற்கின்றன. ஆகவே 'டெல் மீ' என்று கற்ற மாணவர் 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்றும் கூறத் துணிகிறார். ஆங்கில வழக்கில் 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' என்பதே சரி. மாணவர் செய்த பிழை கவனக்குறைவால் நேர்ந்ததன்று. கற்ற ஒன்றைக் கொண்டு கல்லாத மற்றொன்றை முறையாக ஊகித்ததால் நேர்ந்தது. இத்தகைய பிழைகளுக்கு மாணவரைக் குறைகூறுவதை விட, ஒவ்வொரு வினைக்கும் உரிய அமைப்பை முன்கூட்டியே அறியத் தருவதே தீர்வு என்ற அணுகுமுறையை ஹார்ன்பியின் நூல்கள் முழுவதிலும் காணலாம்.

சில வினைகளில் அமைப்பு மாறினால் பொருளும் மாறும். 'ரிமெம்பர்' என்ற வினையுடன் 'டு லாக் த டோர்' என்று சேர்த்தால் கதவைப் பூட்ட மறவாதிருத்தல் என்று பொருள்படும். 'லாக்கிங் த டோர்' என்று சேர்த்தால் முன்பே பூட்டியது நினைவில் இருத்தல் என்று பொருள்படும். முதலாவதில் பூட்டுதல் இனி நிகழ வேண்டியது, இரண்டாவதில் முன்பே நிகழ்ந்தது. 'ஸ்டாப்' என்ற வினையும் இவ்வாறே. 'ஸ்டாப்டு டு டாக்' என்பது பேசுவதற்காக நின்றதையும், 'ஸ்டாப்டு டாக்கிங்' என்பது பேச்சை நிறுத்தியதையும் குறிக்கும்.

காணுதல், கேட்டல் போன்ற புலன்வினைகளில் வேறுபாடு இன்னும் நுட்பமானது. ஒருவர் சாலையைக் கடந்ததை முழுமையாகக் கண்டதைக் குறிக்க 'சா ஹிம் கிராஸ் த ரோட்' என்பர். கடந்துகொண்டிருந்த நிலையில் கண்டதைக் குறிக்க 'சா ஹிம் கிராசிங் த ரோட்' என்பர். இரண்டாவது வாக்கியத்தைக் கொண்டு அவர் மறுபக்கத்தை அடைந்தாரா என்று கூற முடியாது.

ஒரே வினை, ஒரே செயப்படுபொருள் இருந்தும் இறுதிச் சொல்லின் ஈறு ஒன்று மாறினால் அமைப்பு முழுவதும் மாறுவதும் உண்டு. 'ஹி ஃபவுண்ட் த புக் ஈசிலி' என்றால் அவர் புத்தகத்தை எளிதில் தேடி எடுத்தார் என்று பொருள். 'ஹி ஃபவுண்ட் த புக் ஈசி' என்றால் அப்புத்தகம் அவருக்கு எளிதாக இருந்தது என்று பொருள். முதல் வாக்கியத்தில் இறுதிச் சொல் வினையைத் தழுவியது. இரண்டாவதில் அது செயப்படுபொருளைப் பற்றிக் கூறுவது.

பெயர் அமைப்புகள்

ஹார்ன்பியின் அகராதி பெயர்ச்சொற்களுக்கும் இத்தகைய குறிப்புகளைத் தந்தது. எண்ணத்தக்க பெயர்கள், எண்ணத்தகாத பெயர்கள் என்னும் பாகுபாட்டை 'சி', 'யு' ஆகிய ஆங்கில எழுத்துக்களால் அகராதியில் குறித்தமை கற்போருக்குப் பெரிதும் பயன்பட்டது.

தமிழில் அறிவுரைகள், தகவல்கள் என்று பன்மையில் கூறுவதில் தடையில்லை. ஆங்கிலத்தில் 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' முதலிய சொற்கள் பன்மை ஈறு ஏற்பதில்லை. அவற்றின் முன் 'எ', 'அன்' என்னும் சுட்டிடைச் சொற்களும் பொதுவாக வருவதில்லை. ஓர் அறிவுரை என்று எண்ணிக் கூற வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று அளவுச்சொல் ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

எண்ணத்தக்க தன்மை சொல்லுக்கு உரியதன்று, சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் உரியது என்பதை இக்குறியீட்டு முறை தெளிவாக்கியது. எடுத்துக்காட்டாக 'பேப்பர்' என்பது தாள் என்ற மூலப்பொருளைக் குறிக்கும்போது எண்ணத்தகாதது. செய்தித்தாளைக் குறிக்கும்போது எண்ணத்தக்கது. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்பது பணியால் பெற்ற பட்டறிவைக் குறித்தால் எண்ணத்தகாதது. வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்வைக் குறித்தால் எண்ணத்தக்கது. ஆகவே ஒரே சொல்லின் வெவ்வேறு பொருள்களுக்கு வெவ்வேறு குறிகள் இடப்பட்டன.

பெயர்ச்சொல்லுக்குப் பின் வருவனவும் வகைப்படுத்தப்பட்டன. 'அட்டெம்ப்ட்', 'ஏபிலிட்டி' போன்றவை 'டு' சேர்ந்த வினை வடிவத்தை ஏற்கும். 'இன்டரஸ்ட்' என்பதை அடுத்து 'இன்', 'ரீசன்' என்பதை அடுத்து 'ஃபார்', 'காஸ்' என்பதை அடுத்து 'ஆஃப்' என்று ஒவ்வொன்றுக்கும் உரிய முன்னிடைச் சொல் உண்டு. 'பிலீஃப்', 'ஹோப்' போன்றவை 'தட்' என்று தொடங்கும் துணைவாக்கியத்தை ஏற்கும்.

ஒரே வேரிலிருந்து பிறந்த பெயரும் வினையும் வெவ்வேறு அமைப்புகளை ஏற்பது கற்போரை மிகவும் குழப்புவதாகும். 'டிஸ்கஷன்' என்ற பெயர் 'அபௌட்' என்னும் முன்னிடைச் சொல்லுடன் இயல்பாக வரும். 'டிஸ்கஸ்' என்ற வினையோ செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். இந்தியாவில் பரவலாகக் கேட்கப்படும் 'டிஸ்கஸ் அபௌட்' என்ற வழக்கு, பெயரின் அமைப்பு வினைக்குத் தாவியதால் ஏற்பட்டதாகக் கொள்ளலாம். 'ஆன்சர்' என்ற சொல் வடிவில் மாறாமலேயே இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. பெயராக வரும்போது 'ஆன்சர் டு த கொஸ்டின்' என்றும், வினையாக வரும்போது 'ஆன்சர் த கொஸ்டின்' என்றும் அமையும்.

ஈரானிலும் இலண்டனிலும்

நாடு திரும்பிய ஹார்ன்பி 1942இல் பிரிட்டிஷ் கவுன்சிலில் சேர்ந்தார். அவ்வமைப்பின் சார்பில் ஈரானுக்கு அனுப்பப்பட்டு, தெகுரான் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஆசிரியர் பயிற்சியிலும் ஈடுபட்டார். 1945இல் இலண்டனுக்குத் திரும்பி, கவுன்சிலின் மொழி ஆலோசகராகப் பணியாற்றினார்.

உலகின் பல பகுதிகளில் ஆங்கிலம் கற்பித்து வந்த ஆசிரியர்களுக்குத் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொது இடம் அப்போது இல்லை. அக்குறையை நீக்க 1946இல் இங்கிலீஷ் லாங்குவேஜ் டீச்சிங் என்னும் இதழை ஹார்ன்பி தொடங்கி, அதன் முதல் ஆசிரியராக இருந்தார். பின்னர் ஈஎல்டி ஜர்னல் எனப் பெயர் மாற்றம் பெற்ற இவ்விதழ் இன்றளவும் வெளிவருகிறது.

இவ்விதழில் 1950இல் சூழல்வழிக் கற்பித்தல் பற்றி அவர் எழுதிய கட்டுரைத் தொடர் பரவலான கவனத்தைப் பெற்றது. புதிய அமைப்பு ஒன்றை விதியாகக் கூறி விளக்குவதை விட, வகுப்பறையிலேயே அதற்குரிய சூழலை உருவாக்கிக் காட்ட வேண்டும் என்பது இம்முறையாகும். சன்னலைத் திறக்கப் போவது, திறந்துகொண்டிருப்பது, திறந்து முடித்தது ஆகிய மூன்றையும் ஆசிரியர் செய்துகொண்டே கூறினால், மூன்று வினை வடிவங்களின் வேறுபாடு மொழிபெயர்ப்பின்றியே மாணவருக்கு விளங்கும்.

ஆக்ஸ்போர்டு பதிப்புகள்

டோக்கியோவில் வெளியான அகராதியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் நிழற்பட முறையில் மறுபதிப்புச் செய்து, 1948இல் எ லேர்னர்ஸ் டிக்சனரி ஆஃப் கரன்ட் இங்கிலீஷ் என்ற பெயரில் வெளியிட்டது. 1952இல் தலைப்பில் 'அட்வான்ஸ்டு' என்னும் சொல் சேர்க்கப்பட்டது. ஜப்பானிய மாணவர்களின் தேவைக்காக உருவான ஒரு நூல் இவ்வாறு உலகெங்கும் உள்ள மாணவர்களைச் சென்றடைந்தது.

திருத்திய இரண்டாம் பதிப்பு 1963இலும் மூன்றாம் பதிப்பு 1974இலும் வெளியாயின. மூன்றாம் பதிப்பில் ஏ. பி. கௌயி ஹார்ன்பிக்கு உதவினார். அப்பதிப்பில் வினை அமைப்புகள் மறுசீரமைக்கப்பட்டன. 25 முதன்மை வகைகள் நீடித்தாலும், உட்பிரிவுகளையும் சேர்த்து அவை 51 ஆகப் பெருகின. அமைப்புகளின் வரிசையும் மாற்றப்பட்டதால், பழைய எண்களை மனப்பாடம் செய்திருந்த ஆசிரியர்கள் புதியவற்றை மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

அமைப்புகளும் வழக்கும் பற்றிய கையேடு

1950க்குப் பின்னர் ஹார்ன்பி முழுநேர எழுத்தாளராகச் செயற்பட்டார். அகராதியின் முன்பகுதியில் சுருக்கமாக இடம்பெற்ற அமைப்புகளை விரித்து, 1954இல் எ கைடு டு பேட்டர்ன்ஸ் அண்டு யூசேஜ் இன் இங்கிலீஷ் என்னும் நூலை வெளியிட்டார். இதன் இரண்டாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது.

இந்நூல் ஐந்து பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி வினை அமைப்புகளையும், இரண்டாம் பகுதி காலம் உணர்த்தும் வினை வடிவங்களையும் கூறுகிறது. மூன்றாம் பகுதியில் பெயர்ச்சொற்களும் பெயரடைகளும் பிறவும், நான்காம் பகுதியில் வினையடைகளும் இடம்பெறுகின்றன. ஐந்தாம் பகுதி வேறு கோணத்தில் அமைந்தது. கட்டளை, வேண்டுகோள், வாக்குறுதி, விருப்பம், கடமை போன்ற கருத்துக்களை எடுத்துக்கொண்டு, அவற்றை ஆங்கிலத்தில் எவ்வெவ்வாறெல்லாம் வெளிப்படுத்தலாம் என்று அப்பகுதி காட்டுகிறது. மொழியின் வடிவங்களிலிருந்து தொடங்காமல் பேசுவோரின் நோக்கங்களிலிருந்து தொடங்கும் பாடத்திட்டங்கள் 1970களில் பரவலாயின. அவற்றுக்கு முன்பே இப்பகுதி எழுதப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

நூலில் இலக்கணக் கலைச்சொற்கள் குறைவு. ஒவ்வோர் அமைப்பும் அட்டவணையாகத் தரப்பட்டு, அதன்கீழ் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அட்டவணையின் முதற்பத்தியில் எழுவாயும் வினையும், அடுத்தடுத்த பத்திகளில் வினையைத் தொடர்பவையும் வரும். அந்தந்த இடத்தில் வேறு சொற்களை இட்டுப் புதிய வாக்கியங்களை மாணவர் தாமே உருவாக்கிக்கொள்ள இவ்வட்டவணைகள் வழிசெய்தன.

அறக்கட்டளை

1961இல் ஹார்ன்பி தம் பெயரில் கல்வி அறக்கட்டளை ஒன்றை நிறுவி, தம் நூல்களின் உரிமைத்தொகையில் பெரும்பகுதி அதற்குச் சேருமாறு செய்தார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ கற்பிக்கும் ஆசிரியர்களின் முன்னேற்றத்துக்கு அத்தொகை பயன்பட வேண்டும் என்பது அவரது விருப்பம். அகராதியை விலைகொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்நாடுகளின் மாணவர்களே என்பதால், அவர்களிடமிருந்து வந்த பணம் அவர்களுடைய ஆசிரியர்களின் கல்விக்கே திரும்பிச் செல்லும் ஏற்பாடாக இது அமைந்தது.

அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்ற ஆசிரியர்கள் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைக் கல்வி பயின்று தத்தம் நாடுகளுக்குத் திரும்பியுள்ளனர். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் ஆசிரியர்களும் இவர்களுள் அடங்குவர்.

இறுதிக்காலம்

நண்பர்களும் உடன் பணியாற்றியோரும் ஹார்ன்பியைப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஆஷ்' என்று அழைத்தனர். பிரித்தானிய அரசின் ஓ.பி.ஈ. விருது அவருக்கு வழங்கப்பட்டது. தாம் பயின்ற இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அவரை மதிப்புறு உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

அவருடைய 80ஆவது பிறந்தநாளையொட்டி, பீட்டர் ஸ்டிரெவன்ஸ் தொகுத்த பாராட்டுக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 1978இல் வெளியிட்டது. பிறந்தநாள் கடந்து ஐந்து வாரங்களுக்குள், அவ்வாண்டு செப்டம்பர் 13 அன்று ஹார்ன்பி காலமானார்.

விமர்சனங்கள்

ஹார்ன்பியின் குறியீட்டு முறை பலவாறு விமர்சிக்கப்பட்டது. எண்களுக்கும் அவை குறிக்கும் அமைப்புகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால், ஒவ்வொரு முறையும் முன்பகுதியைப் புரட்ட வேண்டியிருந்தது. பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடும் பழக்கம் உடைய மாணவர்களுக்கு இக்குறிகள் பயன்படாமலே போயின. எவருக்காக இம்முறை உருவாக்கப்பட்டதோ அவர்களே அதனைக் கடந்து சென்றது இதன் பெருங்குறையாகச் சுட்டப்படுகிறது.

1989இல் கௌயி பதிப்பாசிரியராக இருந்து வெளியிட்ட நான்காம் பதிப்பில் எண்கள் கைவிடப்பட்டு, இலக்கணச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆன குறியீடுகள் இடப்பட்டன. அவையும் கடினமாகக் கருதப்பட்டதால் 1995இன் ஐந்தாம் பதிப்பில் மேலும் எளிதாக்கப்பட்டன. இன்றைய பதிப்புகளில் அமைப்பு பெரும்பாலும் எடுத்துக்காட்டின் அருகிலேயே வெளிப்படையாகக் காட்டப்படுகிறது. குறியீடு மாறினாலும், ஒவ்வொரு வினைக்கும் உரிய அமைப்பை அகராதி கூற வேண்டும் என்ற கொள்கை மாறவில்லை.

ஹார்ன்பியும் அவருடைய குழுவினரும் தம் மொழியறிவையும் படிப்பையும் கொண்டே எடுத்துக்காட்டுகளைத் தொகுத்தனர். கணினி வழியே பெருந்தொகுதியான உரைகளை ஆராயும் வசதி அக்காலத்தில் இல்லை. 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கோபில்ட் திட்டம் இவ்வசதியைப் பயன்படுத்தியது. 1996இல் வினைகளுக்கும் 1998இல் பெயர்களுக்கும் பெயரடைகளுக்கும் அத்திட்டம் வெளியிட்ட அமைப்பு நூல்கள், ஒரே அமைப்பை ஏற்கும் சொற்கள் பொருளாலும் சில குழுக்களாகச் சேர்கின்றன என்று காட்டின. அமைப்புக்கும் பொருளுக்கும் உள்ள இத்தொடர்பை ஹார்ன்பி முறையாக ஆராயவில்லை. எனினும் சூசன் ஹன்ஸ்டன், கில் பிரான்சிஸ் ஆகியோர் 2000இல் அமைப்பு இலக்கணம் பற்றி எழுதிய நூல், ஹார்ன்பியின் 1954ஆம் ஆண்டுக் கையேட்டைத் தம் ஆய்வின் முன்னோடிகளுள் ஒன்றாக எடுத்துப் பேசுகிறது.

தாக்கம்

1978இல் லாங்மன் நிறுவனம் வெளியிட்ட கற்போர் அகராதியும், 1987இல் வெளியான கோபில்ட் அகராதியும் வினை அமைப்பு, எண்ணத்தக்க தன்மை ஆகிய குறிப்புகளைத் தந்தன. ஆங்கிலக் கற்போர் அகராதி எதிலும் இக்குறிப்புகள் இருக்க வேண்டும் என்பது இன்று எழுதப்படாத விதியாகிவிட்டது. ஆக்ஸ்போர்டு அகராதியின் 10ஆவது பதிப்பு 2020இல் வெளியானது.

முக்கிய நூல்கள்

* தௌசண்ட்-வேர்ட் இங்கிலீஷ் (1937, ஹரால்டு பால்மருடன்)
* இடியோமாடிக் அண்டு சின்டாக்டிக் இங்கிலீஷ் டிக்சனரி (1942, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோருடன்)
* எ லேர்னர்ஸ் டிக்சனரி ஆஃப் கரன்ட் இங்கிலீஷ் (1948, 1952 முதல் தி அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்சனரி ஆஃப் கரன்ட் இங்கிலீஷ்)
* எ கைடு டு பேட்டர்ன்ஸ் அண்டு யூசேஜ் இன் இங்கிலீஷ் (1954; இரண்டாம் பதிப்பு 1975)
* ஆக்ஸ்போர்டு புரோகிரசிவ் இங்கிலீஷ் ஃபார் அடல்ட் லேர்னர்ஸ் (1954 முதல், மூன்று தொகுதிகள்)
* தி டீச்சிங் ஆஃப் ஸ்ட்ரக்சுரல் வேர்ட்ஸ் அண்டு சென்டன்ஸ் பேட்டர்ன்ஸ் (1959 முதல், நான்கு தொகுதிகள்)